ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் லினக்ஸும்: பேக்கப் பார்ட்டிஷனை யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி இதுதான்: 1 டிபி எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினி ஒன்றில் விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட் இரண்டும் இருக்கின்றன. சி டிரைவில் ஏராளமான இடம் சும்மா கிடக்கிறது. அதிலிருந்து 150 ஜிபி பிரித்து, இரண்டு இயங்குதளங்களிலிருந்தும் எழுதக்கூடிய பேக்கப் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் தனிப்பிரிவு) ஒன்றை அமைக்க வேண்டும். அதில் கோப்புகளை அடுக்கும் முறையாக (ஃபைல் சிஸ்டம்), பென்டிரைவுகளில் காணும் எக்ஸ்ஃபேட்டை வைப்பதா, விண்டோஸின் சொந்த என்டிஎஃப்எஸ்ஸை வைப்பதா?

இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். லினக்ஸின் சொந்த முறையான இஎக்ஸ்டி4 வையுங்கள். லினக்ஸ் மட்டும் அதில் எழுதட்டும். விண்டோஸுக்கு அப்படி ஒரு பார்ட்டிஷன் இருப்பதே தெரிய வேண்டாம். விண்டோஸில் இருக்கும் உங்கள் கோப்புகளையும் லினக்ஸே எடுத்து வைத்துக்கொள்ளும். கேட்டதற்கு நேர்மாறாகச் சொல்கிறேனே என்று தோன்றலாம். காரணங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில், இந்தப் பார்ட்டிஷன் எதிலிருந்து காப்பாற்றும், எதிலிருந்து காப்பாற்றாது என்பது தெளிவாக வேண்டும். கை தவறி அழித்த கோப்பு, அப்டேட் கெடுத்த லினக்ஸ், மறுபடி நிறுவ வேண்டிய நிலைக்குப் போன விண்டோஸ், பழைய வடிவம் தேவைப்படும் ஓர் ஆவணம் ஆகியவற்றுக்கு இது மிக நன்றாக உதவும். டிஸ்க்கே செத்துப்போனால் இதுவும் சேர்ந்து போகும். எஸ்எஸ்டியில் இது இன்னும் கொடுமை. பழைய ஹார்ட் டிஸ்க்குகள் பல நேரங்களில் சத்தம் போட்டு, ஆங்காங்கே பேட் செக்டார் காட்டி, சிறிது அவகாசம் தந்து போகும். எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் பழுதானால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அத்தனை பார்ட்டிஷன்களும் ஒரே நொடியில் மறைந்துவிடும். விண்டோஸின் பழைய சிஸ்டம் இமேஜ் கருவியில் அதே டிஸ்க்கின் இன்னொரு பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்தால், இந்த டிஸ்க் பழுதானால் பேக்கப்பும் போய்விடும் என்று அதுவே எச்சரிக்கும். ஆகவே வெளி டிஸ்க் ஒன்று எப்படியும் தேவை. அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது எக்ஸ்ஃபேட் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். அதில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ கணினி உறைந்தாலோ, எதுவரை எழுதினோம் என்ற குறிப்பு இல்லாததால் அடைவு அமைப்பே குழம்பக்கூடும். பென்டிரைவுக்கு அது போதும். பேக்கப்புக்குப் போதாது. தவிர லினக்ஸின் கோப்பு உரிமைகள், குறியீட்டு இணைப்புகள், ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) எதுவும் அதில் நிற்காது. உங்கள் ஹோம் ஃபோல்டரை அதில் நகலெடுத்துத் திருப்பி வைத்தால், எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் நிரல்) சாவிக் கோப்பின் உரிமைகள் எல்லோருக்கும் திறந்ததாக மாறியிருக்கும். எஸ்எஸ்எச் அந்தச் சாவியை ஏற்க மறுத்துவிடும்.

என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னல் உண்டு. லினக்ஸிலும் அதைக் கையாள நல்ல வசதி இருக்கிறது. 2021இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி) உள்ளேயே புதிய டிரைவர் ஒன்று சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் அதில் ஏதாவது கெட்டால் சரிசெய்யும் முழுமையான கருவி விண்டோஸின் செக்டிஸ்க் மட்டுமே. லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் சிறு பிழைகளைத் தட்டிவிட்டு, அடுத்த முறை செக்டிஸ்க் ஓட வேண்டும் என்று குறித்து வைக்கும், அவ்வளவுதான். அதாவது விண்டோஸ் கிளம்பாத நாளில், பேக்கப் இருக்கும் பார்ட்டிஷனைப் பழுதுபார்க்க விண்டோஸ் தேவைப்படும். பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமானது. விண்டோஸில் சி, டி என்று எழுத்து ஒதுக்கப்பட்ட எந்த டிரைவையும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) தொடும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, சி டிரைவோடு நிற்கவில்லை. இணைக்கப்பட்டிருந்த மற்ற டிரைவ்களையும் பூட்டியது, விண்டோஸ் தானாக வைத்திருந்த ஷேடோ நகல்களையும் அழித்தது. டி டிரைவில் பேக்கப் என்று பெயரிட்டு ஒரு ஃபோல்டர் இருந்தால் அதற்குத் தனி மரியாதை கிடைக்காது. விண்டோஸுக்கு இஎக்ஸ்டி4 இயல்பாகப் படிக்கத் தெரியாது. லினக்ஸுக்கு என்டிஎஃப்எஸ் படிக்கத் தெரியும். இந்த ஏற்றத்தாழ்வைக் குறையாகப் பார்க்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. விலை ஒன்று உண்டு: பேக்கப் எடுக்க லினக்ஸுக்குள் வந்தாக வேண்டும். வாரக்கணக்கில் விண்டோஸிலேயே இருப்பவர் என்றால் இந்த ஏற்பாடு உங்களுக்குச் சரிப்படாது. வெளி டிஸ்க்கில் விண்டோஸிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் விண்டோஸில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, டிஸ்க்கைச் சாவியிட்டுப் பூட்டும் பிட்லாக்கர். விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது, கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். பார்ட்டிஷன்களில் கை வைப்பதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு வேலையைச் செய்யுங்கள். அந்தச் சாவி பின்னாலும் தேவைப்படும்: பூட்டிய சி டிரைவை லினக்ஸிலிருந்து திறக்க முயன்றால் அதையே கேட்கும்.

இரண்டாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு உறங்குகிறது. அந்த நிலையில் உள்ள என்டிஎஃப்எஸ்ஸை லினக்ஸ் ஏற்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் விடும். படிக்கத்தானே போகிறோம் என்று விட்டுவிடக் கூடாது. இன்னும் டிஸ்க்கில் முழுமையாக இறங்காத மாற்றங்கள் இருந்தால் நீங்கள் எடுக்கும் நகல் பழையதாக இருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்கும் பிறகு அந்த டிக் மறுபடி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வருபவர்களுக்கு இந்தத் தொல்லை இருப்பதில்லை. ரீஸ்டார்ட் எப்போதும் முழுமையாகவே மூடும்.

சி டிரைவைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்யுங்கள். லினக்ஸின் பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டெட்டும் செய்யும், ஆனால் தன் வீட்டுச் சுவரை விண்டோஸே இடித்துக் கட்டட்டும். ஷ்ரிங்க் வால்யூம் பெட்டி எம்பி கணக்கில் கேட்கும். 150 ஜிபிக்கு 153600 என்று கொடுங்கள். சி டிரைவில் 400 ஜிபி காலியாக இருந்தும் 40 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்று அது சொல்லலாம். நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, ரீஸ்டோர் பாயின்ட்டுகள் மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயலுங்கள். அப்போதும் முடியாவிட்டால் ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளில் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். எந்தக் கோப்பு தடுக்கிறது என்று பெயரோடு சொல்லியிருக்கும்.

சுருக்கியதும் கிடைக்கும் காலி இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். விண்டோஸில் புதிய வால்யூம் உருவாக்க வேண்டாம். சி டிரைவை ஒட்டிச் சின்னதாக ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன் இருக்கும். இடத்தை ஒழுங்காகச் சேர்க்கிறேன் என்று அதை அழித்துவிட வேண்டாம். விண்டோஸ் கிளம்பாதபோது பழுதுபார்க்கும் திரை வருவது அதிலிருந்துதான்.

இனி மின்ட்டுக்கு வாருங்கள். டிஸ்க்ஸ் கருவியைத் திறந்தால் அந்தக் காலி இடம் 161 ஜிபி என்று தெரியும். கூடுதலாக எதுவும் முளைக்கவில்லை. விண்டோஸ் 1024இன் அடுக்காகக் கணக்கிடுகிறது, இந்தக் கருவி 1000இன் அடுக்காகக் கணக்கிடுகிறது. அதில் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, அடையாளம் தெரியும்படி பெயர் வையுங்கள். இன்றைய கணினிகளின் யுஇஎஃப்ஐ, ஜிபிடி அமைப்பு (பூட் செய்யும் முறையும் பார்ட்டிஷன் அட்டவணையும்) என்றால் நடுவில் புதிய பார்ட்டிஷன் வருவதால் பூட் எதுவும் கெடாது. பழைய எம்பிஆர் அட்டவணை உள்ள டிஸ்க் என்றால் கவனம் தேவை. அங்கே நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் வைக்க முடியாது. லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் எண்கள் மாறினால் இயங்குதளத்தைக் கிளப்பும் பூட் நிரலான கிரப் தன் கோப்புகளைத் தேடித் திணறும்.

பார்ட்டிஷன் உருவானதும் இரண்டு குழப்பங்கள் வரும். முதலாவது, அதில் உங்களால் எழுத முடியாமல் போகலாம். புதிய இஎக்ஸ்டி4 பெரும்பாலும் ரூட்டுக்கு, அதாவது கணினியின் தலைமைப் பயனருக்கு, சொந்தமாகப் பிறக்கும். மின்ட்டின் கோப்பு மேலாளரான நீமோவில் ரூட்டாகத் திறந்து, உள்ளே உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அந்த ஃபோல்டரின் உரிமையாளரை மட்டும் மாற்றுங்கள். மேல்மட்டம் ரூட்டிடமே இருக்கட்டும். இரண்டாவது, சுமார் 8 ஜிபி காணாமல் போனதுபோல் இருக்கும். இஎக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு ஒதுக்கி வைக்கிறது. பேக்கப் பார்ட்டிஷனில் அது தேவையில்லை என்பவர்கள் குறைத்துக்கொள்ளலாம். நான் அப்படியே விட்டுவிடுவேன்.

அடுத்தது மவுன்ட், அதாவது பார்ட்டிஷனை ஒரு ஃபோல்டரோடு இணைத்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். நீமோவில் கிளிக் செய்தால் பார்ட்டிஷன் திறக்கும், செய்யாவிட்டால் திறக்காது. தானாக ஓடும் பேக்கப் நிரல் அதற்காகக் காத்திருக்காது. சேர வேண்டிய இடம் மவுன்ட் ஆகாமல் இருந்தால், அதே பெயரில் உள்ள வெற்று ஃபோல்டருக்குள், அதாவது லினக்ஸின் சொந்த பார்ட்டிஷனிலேயே, எல்லாவற்றையும் கொட்டி அதை நிரப்பிவிடும் நிரல்கள் உண்டு. இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. எடுக்க வேண்டிய விண்டோஸ் பார்ட்டிஷன் மவுன்ட் ஆகாமல் இருந்து, நீங்கள் மூலத்தில் இல்லாததைப் பேக்கப்பிலும் அழி என்று அமைத்திருந்தால், வெற்று ஃபோல்டரைப் பார்த்துவிட்டு நிரல் உங்கள் பேக்கப்பையும் வெறுமையாக்கிவிடும்.

ஆகவே இரண்டு பார்ட்டிஷன்களையும் பூட் ஆகும்போதே நிலையான இடங்களில் மவுன்ட் ஆகும்படி டிஸ்க்ஸ் கருவியின் மவுன்ட் ஆப்ஷன்ஸில் அமையுங்கள். அடையாளத்துக்கு, பார்ட்டிஷனின் தனித்த அடையாள எண்ணான யூயூஐடியைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கின் வரிசைப் பெயரை நம்ப வேண்டாம்; இன்னொரு டிஸ்க்கைச் செருகினால் அது மாறலாம். இரண்டுக்கும் நோஃபெயில் என்ற விருப்பம் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஏதேனும் ஒன்று கிடைக்காமல் போனால் லினக்ஸ் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் போய் நிற்கும். விண்டோஸ் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்ற நிலையில் மவுன்ட் செய்யுங்கள். அதில் லினக்ஸுக்கு எழுத வேண்டிய வேலையே இல்லை.

இப்போது எதைக் கொண்டு எடுப்பது என்பது. லினக்ஸ் அமைப்புக்கு டைம்ஷிஃப்ட். மின்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2022இலிருந்து மின்ட் குழுவினரே அதைப் பராமரிக்கிறார்கள். கோப்புகளை ஒப்பிட்டு நகலெடுக்கும் ஆர்சிங்க் முறையைத் தேர்ந்தெடுத்து, புதிய பார்ட்டிஷனைக் காட்டிவிடுங்கள். அது ஹோம் ஃபோல்டரை இயல்பாக விட்டுவிடும்; அதைச் சேர்க்கவும் வேண்டாம். சேர்த்தால், கெட்ட அப்டேட் ஒன்றிலிருந்து பின்னால் போகும்போது உங்கள் ஆவணங்களும் போன வாரத்துக்குப் போய்விடும்.

ஆவணங்களுக்கு பேக் இன் டைம் என்ற நிரலைப் பரிந்துரைக்கிறேன். இதுவும் உள்ளே ஆர்சிங்க்கைத்தான் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு முறையும் தேதியிட்ட ஃபோல்டர் ஒன்றை உருவாக்கும். மாறாத கோப்புகளுக்குப் புதிய நகல் எடுக்காமல், முந்தைய நகலுக்கே ஹார்டு லிங்க் போடும். ஒவ்வொரு தேதியும் முழு நகல்போல் தெரியும். இடம் மட்டும் மாறியவற்றுக்கே செலவாகும். இஎக்ஸ்டி4 வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு புரொஃபைலில் ஹோம், இன்னொன்றில் விண்டோஸின் யூசர்ஸ் ஃபோல்டர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். யூசர்ஸ் முழுவதையும் எடுக்க வேண்டாம். ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டரில் உலாவிகளின் தற்காலிகக் குப்பை ஜிபி கணக்கில் கிடக்கும். அதில் உங்களுக்கு வேண்டியது எது என்று தெரிந்தால் அதை மட்டும் சேருங்கள்.

விண்டோஸ் பக்கத்தில் கவனிக்க வேண்டிய ஒரு பொறி ஒன்டிரைவ். விண்டோஸ் 11 நிறுவும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் பெரும்பாலும் ஒன்டிரைவுக்குள் திருப்பிவிடும். அங்கே தெரியும் கோப்புகளில் பல உண்மையில் டிஸ்க்கில் இல்லை. பெயர்ப்பலகை மட்டும் இருக்கும், உள்ளடக்கம் இணையத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து பார்த்தால் அந்த ஃபோல்டரே உடைந்த இணைப்பாகத் தெரியக்கூடும். பேக்கப் பிழையில்லாமல் முடிந்ததுபோல் இருக்கும், உள்ளே ஒன்றுமிருக்காது. முக்கியமானவற்றை ஒன்டிரைவுக்கு வெளியே, சி டிரைவில் சாதாரண ஃபோல்டர் ஒன்றில் வைத்துக்கொள்வதே நிம்மதி.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை அனுமதிக்கிறது. அதற்கு ஆங்கில எழுத்தும் தமிழ்க் குறியீடும் ஒன்றுதான். இஎக்ஸ்டி4 255 பைட் என்று கணக்கிடுகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும். ஆகவே 85 குறியீடுகளுக்கு மேல் போக முடியாது. உயிர்மெய்யில் மெய்யும் குறியும் தனித்தனிக் குறியீடுகள், புள்ளியும் தனி. கண்ணால் எண்ணினால் ஐம்பது எழுத்துகளைத் தாண்டினாலே சந்தேகம்தான். அரசாணைகளையும் கட்டுரைகளையும் முழுத் தலைப்போடு அப்படியே சேமிக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் இத்தகைய பெயர்கள் நிறைய இருக்கும். விண்டோஸில் நன்றாகத் திறக்கும் கோப்பு, பேக்கப்பில் மட்டும் வந்து சேராது. பேக் இன் டைமின் பதிவேட்டில் கோப்புப் பெயர் மிக நீளம் என்ற செய்தியும் 36 என்ற பிழை எண்ணும் இருக்கும். முதல் பேக்கப் முடிந்ததும் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். தீர்வு எளிது: விண்டோஸில் போய்ப் பெயரைச் சுருக்க வேண்டும்.

கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமான யுடிசி என்று எடுத்துக்கொள்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். மாறி மாறி பூட் செய்யும்போது நேரம் குதித்தால், கோப்புகளின் தேதிகளும் பேக்கப் ஃபோல்டர்களின் தேதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். உள்ளூர் நேரத்தைப் பின்பற்றும்படி லினக்ஸை மாற்றிவிட்டால் போதும்.

விண்டோஸையே முழுதாகப் பேக்கப் எடுக்க முடியாதா என்றால், இந்த வழியில் முடியாது. கோப்புகளை நகலெடுத்துத் திருப்பி வைத்தால் விண்டோஸ் உயிர்பெறாது. அதற்குப் பார்ட்டிஷன் முழுவதையும் இமேஜாக (அப்படியே ஒரே நகலாக) எடுக்க வேண்டும். தைவானில் உருவான க்ளோன்ஜில்லா அதைச் செய்யும். பயன்படுத்தப்பட்ட பகுதிகளை மட்டும் எடுப்பதால் இமேஜ் சி டிரைவின் முழு அளவுக்கு இருக்காது. திரை மிரட்டுவதாக இருந்தால் ரெஸ்க்யூஜில்லா அதே வேலையைப் படங்களோடு செய்கிறது. பிட்லாக்கர் பூட்டிய பார்ட்டிஷன் என்றால் காலி இடம் எது என்று அவற்றுக்குத் தெரியாது. முழு அளவையும் எடுக்கும். எதுவானாலும் அந்த இமேஜை வெளி டிஸ்க்கில் வையுங்கள். இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனையும் மறக்காமல் சேருங்கள். சிறியதுதான், ஆனால் இரண்டு இயங்குதளங்களின் பூட் கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன.

அந்த வெளி டிஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டிபி போதும். அதையும் இஎக்ஸ்டி4 ஆக வைத்து, பேக் இன் டைமில் மூன்றாவது புரொஃபைல் ஒன்றை அமைத்து, வாரம் ஒருமுறை செருகி ஓடவிட்டுக் கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க்கால் மின்னலுக்கும் திருட்டுக்கும் பதில் சொல்ல முடியாது. அதை விண்டோஸில் செருக நேர்ந்தால், ஃபார்மட் செய்ய வேண்டுமா என்று கேட்கும் பெட்டி வரலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கழற்றுங்கள். வீட்டில் வேறு யாராவது அந்தக் கணினியைப் பயன்படுத்தினால், டிஸ்க்கின் மேலேயே இதை எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, மின்ட்டின் லைவ் யுஎஸ்பி (நிறுவாமலேயே மின்ட்டை இயக்கும் பென்டிரைவ்) ஒன்று தயாராக இருக்கட்டும். 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, இரண்டு இயங்குதளங்கள் வைத்திருந்த பலரது கணினிகளில் லினக்ஸ் கிளம்பாமல் செக்யூர் பூட் (சரிபார்த்த நிரலை மட்டும் கிளம்ப விடும் பாதுகாப்பு) பிழை வந்தது. அத்தகைய நாளில் பேக்கப் பத்திரமாக இருந்தும் அதை எட்ட வழியிருக்காது. இப்போதே ஒருமுறை லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, பேக்கப் பார்ட்டிஷனைத் திறந்து, ஏதாவது ஒரு பழைய கோப்பைப் பென்டிரைவுக்கு எடுத்துப் பாருங்கள். லைவ் பயனர் வேறு, உங்கள் பயனர் வேறு என்பதால் ஃபோல்டரில் பூட்டுப் படம் தெரியலாம், உள்ளே விடாமலும் போகலாம். வலது கிளிக்கில் ரூட்டாகத் திற என்று கொடுத்தால் திறந்துவிடும்.